எனக்குள் யாரும் வரவில்லை

சாமி வருவதற்கு முன்பே, உடைந்துவிடக் கூடாதே என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டுச் சாமி ஆடிய மடையன் நான். இதை முதலில் ஒப்புக்கொண்டால்தான் மற்றதைச் சொல்ல முடியும்.

சாஆ என்கிற சின்ன ஊர்ப் பக்கத்தில், செம்பனைத் தோட்டத்துக்குள் எங்கள் முனியாண்டி கோயில் இருக்கிறது. நகரத்துப் பக்கம், ஸ்கூடாயில் வீடு வாங்கி இத்தனை வருடம் ஆகியும், திருவிழாவுக்குத் தவறாமல் போய்ப் பால்குடம் எடுப்பேன். உருமி மேளம் சூடு பிடித்தால் எனக்கு வலப்பக்கம் ஒருவர் ஆடுவார், இடப்பக்கம் ஒருவர் ஆடுவார். நடுவில் நான் மட்டும் பஸ்ஸுக்கு நிற்பவனைப்போலக் குடத்தோடு நிற்பேன். அக்காவின் வீட்டுக்காரர், என் மச்சான், வருடா வருடம் இதை வைத்தே என்னை ஓட்டுவார்.

"சாமியும் ஆளு பாத்துத்தான் ஏறும் லா. நீ லிப்டு இல்லாத பழைய பிளாட்டு. அவரு எப்படி ஏறுவாரு?"

இந்த வருடம் ஏற்றிக் காட்டுவது என்று முடிவு செய்தேன். இரண்டு வாரம் குளியலறைக் கண்ணாடி முன் ஒத்திகை. நாக்கை மடித்துக் கடிப்பது, கருவிழியை மேலே தள்ளுவது, மூச்சை உஸ்ஸென்று விடுவது. ஒரு நாள் மனைவி கதவைத் தட்டி, "என்னங்க, வயித்தால போவுதா?" என்றாள்.

அன்று நல்ல உச்சி வெயில். உருமி உறுமியது. நான் துள்ளினேன். "வந்துட்டாரு! வந்துட்டாரு!" என்று யாரோ கத்தினார்கள். காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். வாயில் சுருட்டைப் பற்றவைத்துச் செருகினார்கள். சிகரெட்டைக்கூடத் தொட்டறியாத நான் கண்ணில் நீர் வர இருமினேன். "சாமி கோவமா இருக்காரு," என்று ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஓரக்கண்ணால் மச்சானைப் பார்த்தேன். மனுஷன் வாயைப் பிளந்து நின்றார். அதுவரைக்கும் எல்லாமே எனக்குத் திருவிழாதான்.

சாமி வந்தால் வாக்குக் கேட்க ஆட்கள் வருவார்கள் என்பது தெரிந்ததுதான். ஆனால் அதற்கு நான் ஒத்திகை பார்க்கவில்லை. முதலில் வந்த இரண்டு பேருக்கு, "எல்லாம் நல்லபடியா நடக்கும், போ," என்று சொல்லித் தப்பித்தேன். மூன்றாவதாக வந்து நின்றது என் அக்கா.

என்னைவிட ஆறு வயது மூத்தவள். அவளுக்கு மார்பில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. ஆபரேஷன் செய்துதான் ஆகவேண்டும், தள்ளிப் போடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வருகிற வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குள் ஆஸ்பத்திரியில் போய்ச் சேரவேண்டும், மறுநாள் ஆபரேஷன். அதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். நின்ற இடத்தில் தெரியாமல் போனது, என்ன செய்வது என்பதுதான். சின்ன வயதில் என் காதைத் திருகிய அதே கை என் காலைத் தொட்டது. "சாமி" என்றாள். பிறகு எழுந்து, யாருக்கும் கேட்காதபடி என் காதோரம் அழுதுகொண்டே சொன்னாள்:

"பயமா இருக்கு சாமி. கத்தி வேணான்னு நீயே சொல்லிடு."

அவள் அழுகை நிற்கவேண்டும், அவள் என் எதிரிலிருந்து நகரவேண்டும். எனக்குத் தோன்றியது அவ்வளவுதான்.

"கத்தி வேணாம்!" என்று உறுமினேன். ஒத்திகையைவிட நன்றாகவே வந்தது. அவள் நெற்றியில் நானே திருநீறு பூசினேன்.

திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில் மனைவி கண்ணாடியைத் துடைத்து நீட்டினாள். "கண்ணாடியக் கழட்டிக் குடுத்துட்டு வர்ற சாமிய இப்பதாங்க பாக்குறேன்."

சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. வீட்டுக்குள் நுழையும்போதே மச்சான் போன் செய்தார். குரல் தழுதழுத்தது.

"மாப்ள, இனிமே உன்ன நான் கேலியே பண்ண மாட்டேன். ஒனக்கு எங்க ஞாபகம் இருக்கப் போவுது... சாமி வாக்குக் குடுத்துருச்சு. ஒங்கக்கா ஆஸ்பத்திரிக்குப் போகப்போறதில்ல."

"மச்சான், அது சாமி இல்ல. நான்தான். சும்மா நடிச்சேன்."

"மலையேறுனப்புறம் எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க," என்றார் அன்பாக.

அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. எங்கள் வழக்கத்தில், சாமி வந்தவனிடம் அவன் சொன்னதைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். அந்த நேரத்தில் அவன் அங்கே இல்லை, அவனுக்கு ஒன்றும் நினைவிருக்காது. வாக்கு சாமியுடையது, வாய் மட்டும்தான் இவனுடையது. ஆக, அக்காவுக்கு அந்த வாக்கைக் கொடுத்த உலகத்தின் ஒரே ஆள் நான். அதை மாற்றிச் சொல்லத் தகுதியில்லாத ஒரே ஆளும் நானே.

செவ்வாய்க்கிழமை தொழிற்சாலையில் எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு. நான் பேக்கிங் பிரிவில் சூப்பர்வைசர். பயிற்சி கொடுக்க வந்த அம்மையார் மைக்கோடு அங்குமிங்கும் நடந்தார். நாம் உற்சாகம் என்கிற அர்த்தத்தில் சொல்லும் 'என்தூசியாசம்' எங்கிருந்து வந்தது தெரியுமா என்று கேட்டுவிட்டு அவரே சொன்னார். பழைய கிரேக்கத்தில் அது 'என்தூசியாஸ்மோஸ்'. உள்ளே ஒரு தெய்வம் வந்து இருப்பது என்று பொருளாம். வேலைக்கு வரும்போது அப்படி வரவேண்டுமாம். எல்லாரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை.

"சார், ஏன் இப்படி உக்காந்திருக்கீங்க? சாமிய உள்ள வர விடுங்க சார்!"

எல்லாரும் சிரித்தார்கள். கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போனில் அந்தச் சொல்லைத் தேடினேன். கிரேக்கர்கள் ஆடியதும், நடுங்கியதும், தெய்வத்தின் வாயாகப் பேசியதும் போட்டிருந்தது. நம் ஊர்க்காரர்களேதான், உருமி மட்டும் இல்லை. இன்னும் கீழே போனால், வெகுகாலம் கழித்து இங்கிலாந்தில் அதே சொல்லை வசையாக ஆக்கிவிட்டார்களாம். கடவுள் பேசாமலேயே தனக்குள் பேசினார் என்று சொல்லிக்கொள்பவனைத் திட்டுவதற்கு.

அலமாக், ஐயய்யோ. சாஆவில் நான் செய்த காரியத்துக்கு எவனோ எப்போதோ பெயர் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

அதற்குப் பிறகு எல்லாமே பயம்தான். முனியாண்டி விளையாட்டுச் சாமி இல்லை, கையில் அரிவாள் வைத்திருப்பவர். பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தால் அவர்தான் என்று குதித்தேன். கட்டைவிரலில் ஆணி கீறினால் கணக்குத் தொடங்கிவிட்டது என்று நினைத்தேன். ஆனால் எனக்கு எது வந்தாலும் சிரித்துத் தாங்கியிருப்பேன். அந்த நெல்லிக்காயைத்தான் தாங்க முடியவில்லை. குளிக்கும்போது என் மார்பையே அழுத்தி அழுத்திப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் அது அவளுக்குள் கொஞ்சம் வளர்கிறது, நான் உறுமியதால் வளர்கிறது என்று பட்டது.

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுப் அக்கா வீடு இருக்கும் பெர்மாஸ் ஜெயாவுக்குக் காரை ஓட்டினேன். மச்சான் சிங்கப்பூர் வேலைக்குப் போய்விட்டார். அக்கா தனியாகச் சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். மணி ஒன்றரை.

"அக்கா, கெளம்பு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"சாமி வேணான்னுட்டாரு. சாப்ட்டியா?"

"அது சாமி இல்லக்கா. நான் நடிச்சேன்."

"சாமி நின்ன ஒடம்புடா அது. கண்டபடி பேசாத."

வேறு வழி தெரியாமல், அந்தச் சமையலறையிலேயே செய்து காட்டினேன். நாக்கை மடித்தேன், கருவிழியை மேலே தள்ளினேன், உஸ்ஸென்றேன். கண்ணைக் கீழே இறக்கிப் பார்த்தால், அக்கா கத்தியை வைத்துவிட்டுக் கைகூப்பி நிற்கிறாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சாமி வந்தவனுக்கு நினைவிருக்காது. எனக்கோ எல்லாம் நினைவிருந்தது. அதைத் தவிர வேறு சாட்சி என்னிடம் இல்லை. சொன்னால் அவளுக்கு எவ்வளவு வெட்கமாக இருக்கும் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

"என் காதுல என்ன சொன்ன நீ? 'பயமா இருக்கு சாமி. கத்தி வேணான்னு நீயே சொல்லிடு.' அப்படித்தான சொன்ன?"

கூப்பிய கை மெல்ல இறங்கியது.

"அத நான் சாமிகிட்ட மட்டுந்தான் சொன்னேன்."

"நான்தான்க்கா கேட்டேன். நீ கேட்டத அப்படியே திருப்பிக் குடுத்தேன். எனக்குள்ள யாரும் வரல. நான் மட்டுந்தான் இருந்தேன்."

குக்கர் ஒரு விசில் அடித்தது. அவள் அடுப்பை அணைத்தாள். என்னை அடிப்பாள் என்று நினைத்துக் கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அடிக்கவில்லை. அறைக்குள் போனாள். வெளியே வந்தபோது தோளில் ஒரு பை, கையில் ஆஸ்பத்திரி அட்டை.

"அக்கா, மச்சான்கிட்ட நானே சொல்லிக்கிறேன். என்ன மன்னிச்சிடுக்கா. போறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்... சாமி கும்பிட்டுட்டுப் போலாமா?"

"வண்டிய எடுடா."