மணியனின் எடை

எருமப்பட்டிக்குத் தெற்கே ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் சௌந்திரத்துக்கு வேலை. பத்தொன்பது வருஷமாகிறது. வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு ஷெட்டிலும் நூறு கோழியைப் பிடித்து எடை பார்த்து எழுத வேண்டும். கூண்டுக்குள் கையை விட்டு ஒரு கோழியைத் தூக்கினால், தராசில் மாட்டுவதற்கு முன்பே, "ஆயிரத்து நானூத்தி எழுவது" என்று சொல்லிவிடுவாள். முள் இருபது கிராம் முன்னே பின்னே வந்து நிற்கும். தீவனக் கம்பெனிக்காரர்கள் வந்தால் மேனேஜர் அறிவழகன் அவளைக் கூப்பிட்டு நிறுத்தி, "எங்க சௌந்திரக்கா கைக்கு முன்னாடி தராசெல்லாம் அப்பறந்தானுங்க" என்று பெருமையடித்துக்கொள்வார். அந்தப் பெருமைக்குச் சம்பளத்தில் ஒன்றும் ஏறவில்லை என்பது வேறு விஷயம்.

அப்பேர்ப்பட்ட கைதான் மணியன் விஷயத்தில் கோட்டை விட்டது.

மணியன், வெள்ளையில் மஞ்சள் திட்டுப் போட்ட கடுவன் பூனை. மகள் மதுமதி கல்லூரியில் படித்தபோது நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் கிடந்த குட்டியைத் துப்பட்டாவில் சுற்றி எடுத்து வந்தாள். ஊர் மேயப் போகக் கூடாதென்று கருத்தடையும் செய்து வைத்தாள். பிறகு அவளுக்குக் கல்யாணமாகி அயோத்தியாப்பட்டணம் போய்விட்டாள். மாமியாருக்குப் பூனை என்றால் ஆகாது. சௌந்திரத்தின் புருஷன் தனபால் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் டிரில்லர். சத்தீஸ்கரில் எங்காவது போர் போட்டுக்கொண்டிருப்பார், வருஷத்துக்கு இரண்டு தடவை வருவார். ஆக, வீட்டில் மிச்சம் சௌந்திரமும் மணியனும்.

கூட வேலை பார்த்த காளியாத்தாள் முழங்கால் வலியென்று நின்றுவிட்ட பிறகு அவளுடைய ஷெட்டும் சௌந்திரத்தின் தலையில்தான் விழுந்தது. வேறு ஆள் போடுகிறோம், போடுகிறோம் என்று அறிவழகன் எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். காலையில் ஆறு மணிக்குப் போனால் வீடு திரும்ப நாலாகும். செருப்பைக் கழற்றும்போதே உடம்பு பொத்தென்று சுவரோடு சாய்ந்துகொள்ளும். ஒருத்திக்காக அரிசி களைந்து, குழம்பு கூட்டி, பாத்திரம் கழுவி... நினைத்தாலே அலுப்பாக இருக்கும். ஒரு டீ, ஒரு பன், தீர்ந்தது கதை.

மணியனுக்கு மட்டும் அந்த அலுப்பு கிடையாது. பண்ணையில் கொடுக்கும் உடைசல் முட்டையில் இரண்டு அவனுக்கு. வாரத்தில் மூன்று நாள் கோழி ஈரல். மகள் அனுப்பும் பூனைத்தீனி தட்டில் எப்போதும் இருக்கும். அவன் கத்தினால் பசி என்று அர்த்தம் பண்ணிக்கொண்டாள். கதவோரம் உட்கார்ந்து கத்தினாலும் பசிதான், காலை உரசிக் கத்தினாலும் பசிதான். இன்னொரு பிடி போடுவாள். அவன் கறுக்மொறுக்கென்று கடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். நாள் முழுக்க அவளுக்குக் கிடைத்த நிம்மதி அது ஒன்றுதான்.

கோழியை வாரம் ஒருநாள் தூக்குகிறாள், வித்தியாசம் கைக்குத் தெரிகிறது. மணியனைத் தினமும் தூக்கினாள். இன்றைக்கு இருபது கிராம், நாளைக்கு இருபது கிராம் என்று அவன் ஊதிக்கொண்டே போனதைக் கை கண்டுகொள்ளவே இல்லை. கட்டில்மேல் தாவி ஏறுகிறவன் கட்டிலடியில் படுக்க ஆரம்பித்தபோது, வெயிலுக்குத் தரை குளிர்ச்சி என்று நினைத்தாள். முதுகு மயிர் சிக்குப் பிடித்தபோது, சோம்பேறி நக்கிக்கொள்ள மாட்டேன் என்கிறான் என்று திட்டினாள். அவனால் கழுத்தைத் திருப்பி முதுகை எட்ட முடியவில்லை என்று அவளுக்குத் தோன்றவில்லை.

வீடியோ காலில் பார்த்த மதுமதிதான் அலறினாள். "அம்மா, ஏம்மா அது இப்படிப் பூசணிக்கா மாதர ஆயிப்போச்சு? எத்தன கிலோன்னு பாத்தியா?"

மறுநாள் பண்ணையிலிருந்து கோழித் தராசை வாங்கி வந்தாள். துணிப்பையில் அவனைப் போட்டுக் கொக்கியில் மாட்டினாள். அது ஐந்து கிலோத் தராசு. முள் கடைசிவரைக்கும் ஓடி முட்டி நின்றுவிட்டது. சௌந்திரத்துக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் பையைக் கழற்றி மறுபடி மாட்டிப் பார்த்தாள், முள் அங்கேயேதான் போய் நின்றது. வயசுப் பூனைக்கு நாலு, நாலரை போதும் என்று மகள் சொல்லியிருந்தாள்.

இனி என்ன செய்வது என்று யாரையும் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. எடையை இறக்குவது அவளுக்குத் தெரிந்த தொழில். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பெல்லாம் முட்டை குறைந்துபோன கிழட்டுக் கோழிகளுக்குத் தீவனத்தை நிறுத்துவார்கள். பத்து நாள் வெறும் தண்ணீர். இறகெல்லாம் கொட்டி, எடை கால் பங்கு இறங்கினதும் மறுபடி தீவனம் வைப்பார்கள். புது இறகோடு மறுபடி முட்டை வரும். இப்போது அப்படிச் செய்யக் கூடாதென்று சொல்லி விட்டுவிட்டார்கள். அன்றைக்குத் தினமும் எடை பார்த்து, "போதுங்க, தீவனம் வெக்கலாம்" என்று சொன்ன வாய் சௌந்திரத்தின் வாய்தான். ஆயிரக்கணக்கில் கோழிக்குச் செய்ததை ஒரு பூனைக்குச் செய்ய முடியாதா?

தீனித் தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். தண்ணீர் மட்டும் வைத்தாள்.

முதல் இரண்டு நாள் மணியன் தொண்டை கிழியக் கத்தினான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். மூன்றாம் நாள் கத்தல் நின்றது. "அடங்கிட்டான் பாரு" என்று அவளுக்குச் சந்தோஷம்கூட. நாலாம் நாளும் மூலையிலேயே சுருண்டு கிடந்தான். ஐந்தாம் நாள் மனசு கேட்காமல் முட்டையை அவித்து உதிர்த்து வைத்தாள். அவன் மோந்துகூடப் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஈரல் வைத்தாள், அதற்கும் திருப்பிக்கொண்டான். ஆறாம் நாள் விடிந்து பார்த்தால் அவன் காதின் உட்பக்கமெல்லாம் மஞ்சள் பூசினமாதிரி இருந்தது.

கூடையில் போட்டு, மேலே புடவையைக் கட்டி, நாமக்கல் பஸ் ஏறினாள். மோகனூர் ரோட்டில் தனியாக ஒரு சின்ன ஆஸ்பத்திரி வைத்திருக்கும் டாக்டர் மஞ்சுளாவிடம் போனாள். டாக்டர் மணியனின் ஈறைத் தூக்கிப் பார்த்தார்.

"எத்தனை நாளா சாப்பிடல?"

"ஆறு நாளுங்க. அதுல நாலு நாளு நாந்தானுங்க போடுல. எடை எறங்கோணும்னு, கோழிக்கு நிறுத்தறாப்பல..." சொல்லிக்கொண்டு வரும்போதே டாக்டரின் முகம் மாறுவதைப் பார்த்து அவளுக்குக் குரல் இறங்கிவிட்டது.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது. "கோழி தாங்கும், பூனை தாங்காதும்மா. குண்டுப் பூனை பட்டினி கிடந்தா உடம்புல இருக்கிற கொழுப்பெல்லாம் கரைஞ்சு நேரா ஈரல்ல போய் அடைச்சுக்கும். அப்புறம் நீங்க சோறு வச்சாலும் அதுக்குப் பசிக்காது. ரெண்டு நாள் சாப்பிடலன்னாலே தூக்கிட்டு வந்திருக்கணும்."

"பொழச்சுக்குமுங்களா?"

"இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது."

தராசில் வைத்தார்கள். ஆறு கிலோ தொள்ளாயிரம். ஆறு நாள் பட்டினிக்குப் பிறகும் அவ்வளவு இருந்தான்.

நாலு நாள் ஆஸ்பத்திரியிலேயே வைத்து டிரிப்ஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு ஊசியில்லாத சிரிஞ்சியில் கூழாக அரைத்த கறியை வாயோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும், ஒரு நாளைக்கு ஆறு தடவை. பண்ணையில் லீவு இல்லை. சௌந்திரம் ஷெட்டுக்கும் வீட்டுக்கும் ஓடினாள். டீ குடிக்கிற பத்து நிமிஷத்தில் ஓடிவந்து அவனை மடியில் வைத்து, தாடையைப் பிடித்து, இரண்டு சிரிஞ்சி. அவன் பாதியைத் துப்புவான். மறுபடி ஓடுவாள். பன் வாங்கவும் நேரமில்லை, வெறும் டீயோடு நின்றது. என் கையாலயே கொன்னுபோட்டனே என்கிற நினைப்பு ஒரு நிமிஷம்கூட அவளை விடவில்லை. பதினேழாம் நாள் சாயந்தரம், அவள் சிரிஞ்சியைக் கழுவிக்கொண்டிருந்தபோது, மணியன் தள்ளாடித் தள்ளாடிக் கிண்ணத்துக்குப் போய்த் தானாக நக்கினான். சௌந்திரம் குழாயை நிறுத்தாமலே அழுதாள்.

ஒரு மாதம் எடையைப் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது என்றிருந்தார் டாக்டர். அதற்கப்புறம் அவரே ஆரம்பித்தார். "கையை நீட்டுங்க" என்றார். மூடின கையின் விரல்முட்டியைத் தடவிக் காட்டி, "விலா எலும்பு இப்படித் துருத்துனா ஒல்லி. உள்ளங்கைக்குள்ள அமுக்கித் தேடுற மாதிரி இருந்தா குண்டு. கையை விரிச்சு மேல்புறம் தடவுங்க, மெதுவா எலும்பு தட்டுப்படுது பாருங்க, அப்படி இருக்கணும். மேல நின்னு பாத்தா இடுப்பு உள்ள வாங்கணும். உங்களுக்குத் தெரியாத கையா?" என்றார். தீனிக்கு ஒரு அளவுக் குவளை கொடுத்தார். நாலு வேளையாகப் பிரித்து வைக்க வேண்டும், ஒருவேளைகூட விடக் கூடாது. கத்தினால் தீனி போடாமல் கயிறு ஆட்டி ஓட விட வேண்டும். "வாரத்துக்கு அம்பது அறுவது கிராம் இறங்கினா போதும். அதுக்கு மேல வேகமா இறங்கினா ஓடி வந்துருங்க."

சௌந்திரம் மனசுக்குள் கணக்குப் போட்டாள். முக்கால் வருஷத்துக்கு மேல் ஆகும். கேட்கும்போதே களைப்பாக இருந்தது.

"எடை பாக்க அவனைப் பஸ்ல கொண்டு வர வேண்டாம், மிரளுவான். பண்ணைத் தராசுல முதல்ல நீங்க ஏறி நில்லுங்க. அப்புறம் அவனைத் தூக்கிட்டு ஏறுங்க. அதுல இதக் கழிச்சுருங்க. மூணையும் எழுதிட்டு வாங்க."

பதினைந்து நாளைக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை, தீவனக் கிடங்கில் மூட்டை எடை போடும் தராசில் அப்படியே செய்தாள். மதுமதியின் பழைய கல்லூரி நோட்டில் மூன்று வரிசையாக எழுதினாள். கடைசி வரிசையில்தான் அவளுக்குக் கண். ஆறு தொள்ளாயிரம், ஆறு எண்ணூறு, ஆறு எழுநூறு. எண் இறங்க இறங்க அவளுக்கு உயிர் வந்தது. ஞாயிறு மாலை தனபாலின் போன் வரும். எடுத்ததும், "பூனை எத்தன?" என்பார். சொல்வாள். "சேரி சேரி" என்று வைப்பார்.

மூன்று மாதம் கழித்து நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள். ஆறு முன்னூறுக்கு வந்திருந்தான் மணியன். முந்தின நாள் கட்டிலில் முன்னங்காலை வைத்து, யோசித்து, ஏறியும்விட்டான். அதை எப்படிச் சொல்வது என்று பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள்.

டாக்டர் விரலை வைத்துப் படித்தார். "நல்லா இறங்கியிருக்கு. அழகா இறங்கியிருக்கு." பிறகு விரல் பக்கத்தின் இடது ஓரத்துக்குப் போனது. அங்கேயே நின்றது.

"இந்த முதல் வரிசை என்னது?"

"அதுங்களா? அது கழிக்கறதுக்குங்க."

"நாப்பத்தெட்டு முன்னூறுல ஆரம்பிச்சிருக்கு. நாப்பத்திரண்டு தொள்ளாயிரத்துல நிக்குது."

சௌந்திரம் எட்டிப் பார்த்தாள். அவள் கையெழுத்துதான். ஏழு தடவை அவளே ஏறி நின்று, அவளே எழுதியது. ஒரு தடவைகூட அதைப் படித்ததில்லை.

"தராசு தப்பா இருக்குமுங்க" என்றாள்.

"தராசு தப்புன்னா மணியன் எடையும் தப்புதான்." டாக்டர் நோட்டை மூடவில்லை. "பூனை இறங்கினதைவிட நீங்க வேகமா இறங்கியிருக்கீங்க. உங்களை யாராவது கூடையில தூக்கிட்டு வந்திருந்தா நான் பயந்திருப்பேன். காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"டீ குடிச்சனுங்க."

"நேத்து?"

சௌந்திரம் யோசித்தாள். மணியன் நேற்று என்ன சாப்பிட்டான் என்று கிராம் கணக்கில் சொல்லியிருப்பாள்.

"நான் மாட்டு டாக்டர்ம்மா. நாளைக்கே பெரியாஸ்பத்திரி போயி சுகர், ரத்தம் எல்லாம் பாருங்க. வேற காரணம்கூட இருக்கலாம். ஆனா அதுக்கு முன்னாடி சாப்பிடுங்க. அடுத்த தடவை ரெண்டு வரிசையும் எனக்கு வேணும்."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, யாரும் பார்க்காதபடி, புடவைக்குள் கையை விட்டுத் தன் விலாவைத் தடவிப் பார்த்தாள். மூடின கையின் முட்டிபோல ஒவ்வொன்றாகத் துருத்திக்கொண்டிருந்தது. பத்தொன்பது வருஷத்தில் லட்சம் கோழியைத் தூக்கியிருப்பாள். தன்னைத் தூக்கிப் பார்க்கத்தான் ஒரு ஆள் இல்லாமல் போனது. யார்மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை. கோபப்படத் தெம்பும் இல்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினாள். வழக்கம்போலச் சுவரில் சாயப் போனவள், சாயாமல் அடுப்படிக்குப் போய் அரை டம்ளர் அரிசியைக் களைந்தாள். இரண்டு முட்டையை வேக வைத்தாள். தக்காளியை நசுக்கி ஒரு ரசம் வைத்தாள். அதற்குள்ளாகவே இடுப்பு கழன்றுவிட்டது. போன் அடித்தது.

"பூனை எத்தன?" என்றார் தனபால். பின்னால் கம்ப்ரசர் இரைந்துகொண்டிருந்தது.

"ஆறு முன்னூறுங்க." வைத்துவிடுவதற்குள் சொன்னாள்: "நானு நாப்பத்திரண்டு தொள்ளாயிரமுங்க. அஞ்சரைக் கிலோகிட்ட எறங்கிப்போட்டனாமா."

யாரையோ மிஷினை நிறுத்தச் சொல்லி அவர் கத்துவது கேட்டது. இரைச்சல் நின்றது.

"ஏம்புள்ள, என்ன சொன்ன? மறுக்காச் சொல்லு."

மறுபடியும் சொன்னாள். மெதுவாக, முழுதாகச் சொன்னாள். பேசி முடிக்க வெகுநேரம் ஆனது.

மணியனுக்குக் குவளையில் அளந்து வைத்துவிட்டு, தன் தட்டோடு தரையில் உட்கார்ந்தாள். அவன் தன் பங்கை இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டு வந்து, அவள் தொடையில் முன்னங்காலை ஊன்றி, தட்டிலிருந்த முட்டையைப் பார்த்துக் கத்தினான். பழக்கதோஷத்தில் முட்டையைப் பிய்க்கப் போன கை நின்றது. அவன் தலையைத் தடவிக்கொடுத்தாள். முட்டையைச் சோற்றோடு பிசைந்து தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"இது எனக்கு சாமி" என்றாள்.