ஓட்டைவாயின் டிரெய்லர்

வீட்டில் அவளுக்கு ஓட்டைவாய் என்று பெயர். பள்ளிக்கூடத்திலும் அதே பெயர்தான். வீட்டில் இப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று அவளே போய்ச் சொல்லியிருந்தாள்.

அவள் வயிற்றில் எந்த விஷயமும் தங்காது. அண்ணன் எதையாவது உடைத்தால், அப்பா செருப்பைக் கழற்றுவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்திருக்கும். சித்தி வேலையை விடப்போவதை, போனில் கூப்பிட்ட சித்தியின் மேலாளரிடமே சொல்லிவைத்தாள். அதற்குப் பிறகு, பெரியவர்களுக்கு ஏதாவது பேச வேண்டுமென்றால் அவளை அனுப்பிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். யாரையும் மாட்டிவிட வேண்டுமென்று அவள் சொன்னதே இல்லை. தனக்குத் தெரிந்தது பக்கத்தில் இருப்பவருக்கும் தெரிய வேண்டும், அவ்வளவுதான். சாத்திய கதவுக்கு வெளியே நிற்பது அவளுக்கு வலித்தது.

பள்ளி நூலகத்தில் யாரும் எடுக்காத புத்தகங்கள் ஜன்னலோர அலமாரிக்கு வந்துவிடும். ஆண்டு முடிவில் அவை பழைய பேப்பர்காரருக்குப் போகும். அங்கேதான் அந்த நாவல் அவளுக்குக் கிடைத்தது. புயலடிக்கும் ராத்திரி, கலங்கரை விளக்கத்தின் விளக்கை யாரோ அணைத்துவிடுகிறார்கள். யார் என்பது கடைசிப் பக்கத்தில்தான் தெரியும். படித்து முடித்தவள், அழுத கண்ணோடு நூலகர் முன்னால் போய் நின்றாள்.

"மிஸ், இதத் தூக்கிப் போட்றாதீங்க."

"நாலு பேர் வந்து கேக்கட்டும், வச்சுக்கறேன். பிடிச்ச புத்தகத்துக்கு டிரெய்லர் எடுக்கச் சொல்லியிருக்கேன்ல? நீயும் எடு."

ஒரு நிமிட வீடியோதான். வெள்ளிக்கிழமை அரங்கத்தில் எல்லோருக்கும் போட்டுக் காட்டுவார்கள். அண்ணன் தன் போனைத் துணி காயப்போடும் ஸ்டாண்டில் கட்டிவைத்து, அவளை ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார வைத்தான். அவள் அருமையாகச் சொன்னாள். அலை, இருட்டு, தத்தளிக்கும் படகு எல்லாம் கண்முன்னே வந்தன. கூடவே விளக்கை அணைத்தவரும் வந்துவிட்டார்.

"அடிப்பாவி! அதையும் சொல்லிட்டா அப்புறம் எவன் படிப்பான்?"

"அதுதானேண்ணா நல்ல இடம்!"

"அதனாலதான் சொல்லக்கூடாது."

மறுபடி எடுத்தார்கள், மறுபடி உளறினாள். தாளில் எழுதிவைத்துப் படித்தாள். தாள் முடிந்த பிறகும் வாய் நிற்கவில்லை. அண்ணனுக்குப் பொறுமை போயிற்று.

"பேசாம அகராதிக்கு டிரெய்லர் எடு. அதுலதான் ரகசியமே இல்ல."

அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னொரு தடவ எடு" என்றாள். புயல் வந்தது, விளக்கு அணைந்தது. "அத அணைச்சது..." என்றவள் சட்டென்று நிறுத்தினாள். உதடு துடித்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். முகம் சிவந்து கண்ணீர் முட்டியது. தலையை வேகமாக ஆட்டிவிட்டு, புத்தகத்தை நாற்காலியில் வைத்துவிட்டு ஓடியே போய்விட்டாள். அண்ணன் அதில் எதையும் வெட்டவில்லை, அப்படியே கொடுத்தான்.

வெள்ளிக்கிழமை மற்றவர்கள் இசையும் படமுமாக அசத்தியிருந்தார்கள். அவளுடையது ஓடியதும் அரங்கமே சிரித்தது. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஓட்டைவாயே சொல்ல மாட்டேங்கறான்னா, அப்படி என்னதான்டா இருக்கு அதுல?"

சாப்பாட்டு நேரத்தில் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். சாக்லேட் நீட்டினார்கள், கெஞ்சினார்கள், இனிமேல் உன்னோடு பேச்சே கிடையாது என்று மிரட்டினார்கள். "படிச்சுக்கோங்க" என்பதற்கு மேல் அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை பெயரவில்லை. அது எவ்வளவு பெரிய காரியம் என்று அவளைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். சாயங்காலம் அந்த நாவலுக்காக நூலகத்தில் தள்ளுமுள்ளு. நூலகர் அதை ஜன்னலோர அலமாரிக்குத் திரும்ப அனுப்பவில்லை. விளக்கை அணைத்தது யார் என்று இங்கேயும் சொல்வதாக இல்லை. அந்தப் பெண் அத்தனை பாடுபட்டுக் காத்ததை நாம் ஏன் கெடுக்க வேண்டும்?

அவள் வீட்டுக்கு வந்தபோது அம்மாவும் சித்தியும் அறைக்குள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் பேச்சு நின்றது. வழக்கம்போல அவளே திரும்பி நடந்தாள்.

"எங்கடி போற?" என்றாள் அம்மா. "அண்ணன் வீடியோவக் காட்டினான். உள்ள வா."

சித்தி நகர்ந்து கட்டிலில் இடம் விட்டாள். அவள் உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு, அம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.