சடையனுக்கு யார் ஜாமீன்?

வக்கீல் சட்டம் படிக்கிறார், குமாஸ்தா ஆள் பிடிக்கிறான். எங்கள் தொழிலை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. கேஸ் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கோர்ட் வராந்தாவில் கால் கடுக்க நின்றவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. "ஜாமீன் கிடைச்சிடுச்சு" என்று வக்கீல் சொன்னதும் கட்சிக்காரர் குடும்பம் சந்தோஷப்படும். எங்களுக்கு வேலை ஆரம்பிப்பது அப்போதுதான். சொத்துள்ள ஒருவர் வந்து, 'இந்த ஆள் வாய்தாவுக்கு வராவிட்டால் என்னைக் கேளுங்கள்' என்று கையெழுத்துப் போட்டால்தான் ஜெயில் கதவு திறக்கும். அந்த ஒருவரைத் தேடிப் பிடிப்பது எங்கள் தலையில் விடியும்.

சடையன் கல்வராயன் மலைக்காரர். வெள்ளிமலையில் பஸ் இறங்கி உள்ளே வெகுதூரம் நடக்க வேண்டிய ஊர். கள்ளக்குறிச்சி சந்தையில் புளியை எடை போடும்போது தகராறு வந்து, தள்ளுமுள்ளில் வியாபாரியின் மண்டை உடைந்தது. சடையன் சப்ஜெயிலுக்குப் போனார். மலையில் அவருடைய கொல்லையில் சாமை கதிர் வாங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சமயம் பார்த்துத்தான் காட்டுப்பன்றி இறங்கும். கைக்குழந்தையோடு அவர் மனைவி பொன்னம்மா தனியாகக் காவல் இருக்க வேண்டும். சாமை போனால் அந்த வருஷத்துச் சோறு போனது. ஆகவே சடையன் எவ்வளவு சீக்கிரம் வீடு போய்ச் சேருகிறார் என்பதுதான் எங்கள் எல்லோருக்கும் கவலை.

மச்சான் வந்தார்

பொன்னம்மா முதலில் தன் அண்ணனை அழைத்து வந்தாள். கட்டுமஸ்தான ஆள். நிலம் உண்டா என்றேன், உண்டு என்றார். பலா மரம், மாடு, வீடு எல்லாம் உண்டு. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பட்டாவைக் கேட்டேன். அவர் பொன்னம்மாவைப் பார்த்தார், பொன்னம்மா என்னைப் பார்த்தாள். மலையில் அப்போது பாதிப் பேருக்குப் பட்டா கிடையாது. அப்பன் பாட்டன் உழுத நிலம், அவ்வளவுதான்.

இருந்தாலும் கூண்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். மாஜிஸ்திரேட் நல்ல மனிதர், கேட்டபோது குரலைக்கூட உயர்த்தவில்லை. "உங்களுக்கு நிலம் இருக்குன்னு நான் எதை வச்சு நம்பறது?" என்றார். அதற்கு மச்சான் கையைக் கட்டிக்கொண்டே சொன்ன பதில்: "ஒரு தபா மேல வந்து பாருங்க சாமி, இடுப்பளவுக்கு வெளஞ்சு நிக்குது, கடுதாசில இன்னா தெரியும்?"

டீக்கடை ஜாமீன்தார்

எல்லாக் கோர்ட் வாசலிலும் ஒரு கோபால் இருப்பார். எங்கள் கோபால் எதிர் டீக்கடை பெஞ்சில் இருப்பார். வெளுத்த வேட்டி, விபூதி, கையில் வீட்டு வரி ரசீது. காசு கொடுத்தால் யாருக்கு வேண்டுமானாலும் 'தெரிந்தவர்' என்று வந்து நிற்பார். இந்த வழி எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் காலையில் பொன்னம்மா, "நேத்து தெக்கால ஓரம் பூரா உழுதுட்டுப் போயிடுச்சுங்க பன்னி" என்று சொல்லிவிட்டு அழாமல் நின்றாள். அழுதிருந்தால்கூட எனக்குச் சமாளிக்கத் தெரியும். நேரே டீக்கடைக்குப் போனேன்.

கோபால் கூண்டுக்குப் பக்கத்தில் போய் நின்றார். மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், திரும்பப் போட்டுக்கொண்டு அவரையே பார்த்தார். "சடையன் உங்களுக்கு என்ன உறவு?" என்றார். "சித்தப்பா மகன் மாதிரிங்க" என்றார் கோபால். "போன வாரம் வந்த ஒருத்தரும் உங்க சித்தப்பா மகன்தானே?" எங்கள் வக்கீல் என் பக்கம் திரும்பவே இல்லை; அவர் காது மட்டும் சிவந்தது. இன்றோடு என் பிழைப்பு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். நல்லவேளையாக மாஜிஸ்திரேட் எச்சரிக்கையோடு விட்டார். வெளியே வந்த கோபால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் சொன்னது: "அய்யாவுக்கு ஞாபக சக்தி ஜாஸ்தி, தொழில் பண்ணவே வுடமாட்டாரு போலக்கீது."

கதவடைக்கும் முன்னே

கடைசியில் சடையனே ஜெயிலிலிருந்து ஒரு பெயரைச் சொல்லி அனுப்பினார். கச்சிராயபாளையம் பக்கத்தில், மலையடிவாரத்தில் கரும்பு வைத்திருக்கும் ராமலிங்கம். சடையன் வருஷா வருஷம் அவரிடம் கரும்பு வெட்டப் போவார். நானே போய்க் காலில் விழாத குறையாகக் கெஞ்சிக் கூட்டி வந்தேன். பட்டா, சிட்டா எல்லாம் சுத்தம். ஆனால் அன்றைக்கென்று வேறு கேஸ்கள் இழுத்தன. பொழுது சாய்ந்து ஜெயில் கதவை அடைத்துவிட்டால் அன்றைக்கு யாரையும் வெளியே விடமாட்டார்கள். மறுநாள் ராமலிங்கத்தின் மனசு எப்படி இருக்குமோ யார் கண்டது? குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டு வந்த பொன்னம்மா, மலைக்குப் போகும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க அரை மனசோடு கிளம்பினாள். அதற்குப் பிறகுதான் எங்கள் கேஸைக் கூப்பிட்டார்கள்.

ராமலிங்கம் கையெழுத்துப் போட்டார். உத்தரவை வாங்கிக்கொண்டு ஜெயிலுக்கு ஓடினேன், உண்மையாகவே ஓடினேன். ராமலிங்கம் பின்னாலேயே வந்தார். வார்டர் சாவிக்கொத்தோடு எழுந்துவிட்டிருந்தார். வெளியே வந்த சடையனிடம் அந்த வார்டர், "இனிமே உனக்கு இவருதான்யா பொறுப்பு, தெரிஞ்சுதா?" என்று ராமலிங்கத்தைக் காட்டினார். சடையன் பயபக்தியாகத் தலையாட்டினார். சடையனும் ராமலிங்கமும் கச்சிராயபாளையம் பஸ்ஸில் ஏறினார்கள். போகிற வழிதானே, காலையில் அங்கிருந்து மலைக்குப் போய்விடுவார் என்று நிம்மதியாக மூச்சு விட்டேன். பஸ் நகரும்போது ராமலிங்கம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ரகசியமாகக் கேட்டார்: "ஏம்பா, இவன் ஓடிகீடிப் பூட்டான்னா என் நெலம் இன்னா ஆவும்?"

ஆளைக் காணோம்

சில நாள் கழித்துப் பொன்னம்மா ஆபீசுக்கு வந்தாள். நான் சிரித்துக்கொண்டே, "இன்னாம்மா, வூட்டுக்காரர் சௌக்கியமா?" என்றேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டேன். சடையன் வீட்டுக்கு வரவே இல்லை.

உள்ளே போய்ச் சொன்னேன். எங்கள் வக்கீல் பேனாவை மூடி வைத்தார். ஆள் ஓடிவிட்டான் என்றே முடிவு கட்டினோம். ராமலிங்கத்திடம் போய் விசாரிக்கலாம்தான். ஆனால் விஷயம் காதில் விழுந்த அடுத்த நிமிஷம் அவர் ஓடி வந்து ஜாமீனை வாபஸ் வாங்குவார், பிடிவாரண்டு பிறக்கும். ஆகவே வாயைத் திறக்கக் கூடாது, வாய்தா வரைக்கும் பார்ப்போம் என்றார் வக்கீல். எனக்கும் அதுவே புத்திசாலித்தனமாகப் பட்டது. பொன்னம்மா அதைக் கேட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றாள். போகும்போது என்னைப் பார்த்துச் சொன்னாள்: "உள்ள இருந்தப்போ எங்ககீறாருன்னாவது தெரிஞ்சுதுங்க, வெளிய எடுத்துத் தொலைச்சிட்டீங்க."

வாய்தா நாள்

வராந்தாவில் நின்று கோர்ட் சேவகரான டவாலி பெயரை மூன்று முறை கூப்பிடுவார். மூன்றாவது கூப்பாட்டுக்கும் பதில் இல்லையென்றால் வாரண்டுதான். முதல் கூப்பாடு போனது. பொன்னம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்தாள். இரண்டாவது கூப்பாடும் போனது. டவாலி மூன்றாவது தடவைக்குத் தொண்டையைச் செருமுகிறார், கேட்டுக்குள் ராமலிங்கம் சாவகாசமாக நடந்து வருகிறார். பின்னால் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு சடையன்!

கோர்ட்டில் ஆஜராகி, அடுத்த தேதி வாங்கி, வெளியே வந்த பிறகுதான் எனக்குப் பேச்சு வந்தது. எங்கேய்யா போய்த் தொலைந்தாய் என்று பாய்ந்தேன். சடையனுக்கு என் கோபமே புரியவில்லை. "இவரு வூட்லதாங்க இருந்தேன். இவருதான பொறுப்புன்னு சொன்னாங்க. பொறுப்பு ஏத்துக்கினவர வுட்டுட்டு நான் எங்கங்க போறது? கொல்லையில பன்னி காத்துக்கினு இருந்தேன்" என்றார். ஜாமீன் என்றால் விடுதலை என்று அவருக்கு நாங்கள் யாருமே சொல்லவில்லை. ஜெயில்காரர் கையிலிருந்து ராமலிங்கம் கைக்கு மாறியதாகவே அவர் எடுத்துக்கொண்டிருந்தார். அத்தனை நாளும் அடுத்தவர் கரும்புக்குக் காவல். அவரை மேலும் கீழும் பார்த்த பொன்னம்மா ஒன்றே ஒன்று கேட்டாள்: "யாரு கொல்லையில?"

பொன்னம்மா ஏற்றுக்கொண்டது

சடையன் தலையைக் குனிந்துகொண்டார். வீட்டுக்குப் போகலாம், யாரும் கேட்கமாட்டார்கள் என்று வக்கீலே சொன்னார். அப்போதும் அவர் நகரவில்லை, ராமலிங்கத்தின் முகத்தைப் பார்த்தார். ராமலிங்கம் மீசையைத் தடவினார். "நானா கூப்ட்டேன்? அவனே வந்தான், சோறு போட்டேன். இந்த வெட்டு முடியற வரைக்கும் இருந்துட்டுப் போவட்டுமே, நாந்தான பொறுப்பு?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் கோபித்துக்கொண்டு உள்ளே போய் ஜாமீனை ரத்து செய்தால் சடையன் மறுபடி ஜெயிலுக்குத்தான் போக வேண்டும். வக்கீல் கேஸ் கட்டைப் புரட்டினார், நான் ரோட்டைப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

பொன்னம்மா குழந்தையைச் சடையன் கையில் கொடுத்தாள். அவர் தோளில் இருந்த பையை எடுத்து ராமலிங்கத்தின் காலடியில் வைத்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்: "பாதிக் கொல்ல போச்சுங்க, மீதி கீது. வாய்தாவுக்கு வாய்தா நான் கூட்டியாறேன், இவருக்கு நான் பொறுப்பு. உங்க பன்னிய நீங்க ஓட்டிக்கோங்க."

ராமலிங்கம் முணுமுணுத்துக்கொண்டே பையை எடுத்துக்கொண்டார்; ஜாமீனை ரத்து செய்யவில்லை. பட்டா, சிட்டா, ரசீது ஒன்றுமில்லாத பொன்னம்மாவின் ஜாமீன் எந்தக் கோர்ட்டிலும் செல்லாதுதான், ஆனாலும் டவாலி முதல் கூப்பாடு போடும்போதே கட்சிக்காரர் வந்து நின்ற கேஸ் என் கையில் அது ஒன்றுதான்.