சோற்றில் கட்டிய வேலி

போன மாதம் கண்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில், நெய்ச்சோற்றின் வாசம் மூக்கைத் துளைக்க, கையில் தட்டோடு "பஃபே" வரிசையில் நின்றபோதுதான் ஓர் எண்ணம் என்னைப் பிடித்துக்கொண்டது. அத்தனை பேர் கூடியிருந்தும் ஆளுக்கொரு மூலையில் தின்றுகொண்டிருந்தோம். எனக்கோ சின்ன வயதில் ஏங்கிக் கிடந்த "சஹன்" நினைவுக்கு வந்தது.

அப்பாவுக்குக் கண்டியில் கடை வேலை கிடைத்ததும், பன்வில தேயிலைத் தோட்டத்து லய வீட்டை விட்டு கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு சந்தில் குடியேறினோம். சந்து முழுக்க முஸ்லிம் வீடுகள். நாங்கள் மட்டும்தான் வேறு. அங்கே விசேஷமென்றால் தரையில் பாய் விரித்து, பெரிய வட்டத் தட்டில் சோற்றைக் குவித்து, ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். அந்தத் தட்டுத்தான் சஹன். பக்கத்து வீட்டு சபியா சாச்சி எங்களை ஒருபோதும் மறந்ததில்லை. மாட்டிறைச்சி படாமல் கோழி மட்டும் வைத்து, மூடி, "இது அவங்களுக்குத் தனியா" என்று கொடுத்தனுப்புவார். அம்மாவுக்கு அந்த மரியாதையில் மனம் குளிர்ந்துவிடும். எனக்கு மட்டும் அந்தத் "தனியா" உறுத்தும்; ஜன்னல் வழியே வருகிற சிரிப்புக்கு நடுவில் போய் உட்காரத்தான் ஆசை.

சாச்சியின் மூத்த மகள் கல்யாணத்தன்று, பெண்கள் பக்கம் ஒரு சஹனுக்கு ஆள் குறைந்தது.

"என்ன புள்ள வாசல்லயே நிக்கிற? வா, என் பக்கத்துல எடம் ஈக்குது. கோழிதான், பயப்படாத."

சாச்சி கூப்பிட்டதும் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் அடுத்தவர் பங்கில் என் கை பட்டுவிடக்கூடாதே என்ற பதற்றத்தில், என் முன்னால் இருந்த சோற்றை விரலால் அணைத்து அணைத்துச் சுற்றிலும் வரம்பு கட்டிவிட்டேன். எதிரே இருந்த சாச்சியின் இளைய மகள் ரிஸ்னா கண்டுவிட்டாள்.

"உம்மா, இங்க பாருங்க, இவ சோத்துல வேலி கட்டுறா! ஆடு பூந்துரும்னு பயமாம்!"

பெண்கள் எல்லோரும் சிரித்த சிரிப்பில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து ஓடத்தான் பார்த்தேன். சாச்சி கோழிக்காலைப் பிய்த்து, என் வரம்பை உடைத்துக்கொண்டு என் பக்கம் தள்ளினார்.

"அவ பேச்ச உடு, நீ திண்ணு. அவளே பக்கத்தாள் முட்டையக் களவெடுக்கிறவ."

"பொய்யி உம்மா!" என்று ரிஸ்னா கத்த, இந்த முறை நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு மூடிய தட்டு வரவில்லை. கூப்பிட ஆள் வந்தது.

இன்று சாச்சி குடும்பம் அக்குறணைக்குப் போய்விட்டது. அந்த வீட்டில் கைப்பேசிக் கடை. அந்தச் சந்திலிருந்து வந்து நாங்கள் இப்போது இருக்கிற மாடிக் குடியிருப்பில், மேல்வீட்டுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களோடு படியில் ஒரு புன்னகை, அவ்வளவுதான் பழக்கம்.

"அவங்க சைவமாம்டி. ஏதாச்சும் செஞ்சு தட்டுல போட்டு அனுப்பிரலாம்" என்கிறார் அம்மா. நான் கேட்கவில்லை, போய்க் கதவைத் தட்டி, ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொல்லிவிட்டேன்.

"ஓம் பிள்ளை, வாறம். எங்கட தட்டுகளைக் கொண்டு வரட்டே?" என்று கேட்டார் மேல்வீட்டு அக்கா.

கொண்டுவரட்டும். பருப்பும் கத்தரிக்காயும் சமைத்து, அம்மாவின் பித்தளைத் தாம்பாளத்தில் சோற்றைக் கொட்டிப் பாயின் நடுவில் வைக்கப் போகிறேன். யார் முதலில் கை வைப்பார்கள் என்றுதான் தெரியவில்லை. ஒருவரும் வைக்காவிட்டால், அடுத்த ஞாயிறும் கூப்பிடுவேன்.