அடையாள அட்டைக்குள் ஒரு பொட்டு

ஒட்டுப்பொட்டை நெற்றியிலிருந்து உரிக்கும்போது ஒரு சின்னச் சத்தம் வரும், பக்கத்தில் நிற்பவருக்கு மட்டுமே கேட்கும். யுத்த காலத்தில் பொட்டைக் கண்டால் தமிழர் என்று தெரிந்துவிடும். சிங்களவர் கூடுதலாக இருந்த நுகேகொடையில் பெரியம்மா வீட்டுக்குப் போகும் நாட்களில், வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் நின்று அம்மா தன் பொட்டை உரிப்பார், பிறகு என் பக்கம் திரும்பி, "பஸ்ஸுக்கை தமிழ் கதைக்கிறேல்லை, விளங்குதோ?" என்பார். அப்பா சவூதியில் வேலை செய்துகொண்டிருந்தார். கட்டினவர் உயிரோடு இருக்கப் பொட்டைக் கண்ட இடத்தில் எறிவது 'தரித்திரம்' என்பது அம்மாவின் நம்பிக்கை. அதனால் அதை அடையாள அட்டையின் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக ஒட்டிவைத்து, திரும்பி வந்ததும் எடுத்து நெற்றியில் வைப்பார்.

எனக்குப் பதினாலு வயதிருக்கும்போது, கடற்கரைப் பக்கத்து டியூஷன் வகுப்பில் சரித்திர ரீச்சர் யூதர்களைப் பற்றிப் படிப்பித்தார். ஒரு புத்தகத்தைத் திறந்து அதிலிருந்த படத்தைத் தூக்கிக் காட்டினார். என் வயதுப் பிள்ளையொன்று, கோட்டில் துணி நட்சத்திரம் தைத்தபடி, படம் எடுப்பவரைப் பார்த்துச் சிரிக்க முயன்றுகொண்டிருந்தது. அந்த நட்சத்திரம் இல்லாமல் வெளியே வந்தால் பிடித்துக்கொண்டு போவார்களாம். வெளியே ரயில் ஒன்று கடந்து போகும்வரை காத்திருந்துவிட்டு ரீச்சர் சொன்னார்: "எல்லாம் ஒரே நாளிலை நடக்கேல்லைப் பிள்ளையள். முதல்லை பக்கத்து வீட்டுக்காரர் சிரிக்கிறதை நிப்பாட்டிச்சினம்." அன்று பின்னேரம் எதிர்க்கடைச் சிங்கள ஐயா என்னைப் பார்த்துச் சிரிக்கிறாரா என்று இரண்டு தரம் வெளியே போய்ப் பார்த்தேன். சிரித்தார்தான். எனக்குப் பயம் தெளியவில்லை. அவர்களுக்கு நடந்ததும் எங்களுக்கு நடந்ததும் ஒன்றல்ல என்று இன்று எனக்குத் தெரியும். அந்த வயதுப் பயத்துக்கு அந்தக் கணக்கெல்லாம் எங்கே தெரிந்தது?

அந்தக் கிழமை முடிவதற்குள் ஒருநாள், நுகேகொடையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். காலையில் நகரத்தில் எங்கோ குண்டு வெடித்திருந்ததால் வழியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். பெண்களைச் சோதித்த சீருடைக்காரி கை நீட்டியதும் அம்மா அட்டையைக் கொடுத்தார், கொடுத்த கையோடு அவர் முகம் வெளிறிப் போயிற்று. உறைக்குள் பொட்டு இருந்தது. அவள் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு அம்மாவின் நெற்றியைப் பார்த்தாள். எங்களைத் தனியாக ஒதுங்கி நிற்கச் சொன்னாள். அம்மாவைக் கொண்டுபோனால் நான் யாரிடம் போவது, சவூதியில் இருக்கிற அப்பாவுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

"புருசன் இருக்கிறாரா?" என்று சிங்களத்தில் கேட்டாள். இருக்கிறார் என்றார் அம்மா.

"அப்ப ஏன் கழற்றினாய்?"

 அவள் நகத்தால் பொட்டைக் கிளப்பி எடுத்து, அம்மாவின் நெற்றியில் வைத்துப் பெருவிரலால் அழுத்தினாள். பின்னால் நின்ற சிப்பாய் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை, போகச் சொல்லிக் கையைக் காட்டினாள். ஒரு பெண்ணுக்கு இன்னொரு பெண் செய்த மரியாதையா, குத்திவிட்ட முத்திரையா, இன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்கு அப்போது ஞாபகம் வந்ததெல்லாம் அந்தக் கோட்டில் தைத்த துணிதான்.

திரும்பப் பஸ்ஸில் ஏறியபோது எல்லோரும் பார்த்தார்கள். கழற்றவும் பயம், வைத்திருக்கவும் பயம் என்று அம்மா தலையைக் குனிந்தபடி வந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் பொட்டை உரித்துக் குப்பை வாளிக்குள் போட்டார். தரித்திரம் என்று அன்று சொல்லவில்லை.

இப்போது சோதனைச் சாவடிகள் இல்லை. பஸ்ஸை மறித்த இடத்தில் பழச்சாறு விற்கிறார்கள், தமிழ்ப் பிள்ளைகள் அங்கே நின்று சத்தமாகத் தமிழ் கதைக்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் என்னை அறியாமல் சுற்றிப் பார்க்கிறேன். அம்மா அதற்குப் பிறகு பொட்டு வைக்கவேயில்லை, கோயிலுக்குக்கூட. கலியாண வீடுகளில் புதிதாகச் சந்திப்பவர்கள் அவருடைய வெறும் நெற்றியைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "எப்ப நடந்தது?" என்று கேட்பார்கள். அப்பா பக்கத்துக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பார்.