அன்னூர் ரோட்டில் நின்ற ஜீப்

அன்று ஜீப்பில் இருந்தவர்கள் இவர்கள். முன்னால் துரை. பின்னால் துரைசானி. துரைசானிக்குப் பக்கத்தில் என் மனைவி. ஓட்டியவன் நான்.

துரையும் துரைசானியும் கடல் தாண்டி வந்து சத்தியமங்கலத்துப் பக்கம் ஊழியம் செய்தவர்கள். வந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. பவானிசாகர் அணை கட்டி முடித்து நாலு வருஷம் இருக்கும் அப்போது. துரை பிரசங்கம் பண்ணுவார். துரைசானி ஊர் ஊராய்ப் போய்ப் புண்ணுக்கு மருந்து கட்டுவார். நான் அவர்களுக்கு டிரைவர். மூன்றாவதோடு நின்றவன். என் மனைவி ஏழாவது படித்தவள். மருந்து கட்டுகிற இடத்தில் வேதம் வாசித்துக் காட்டுவது அவள் வேலை. அதனால் விடிந்தால் பொழுது போனால் துரைசானியோடுதான்.

துரைக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் ஒரு முன்ஷி. துரை புத்தகம் மாதிரி பேசுவார். துரைசானிக்குச் சொல்லிக்கொடுத்தவள் என் மனைவி. அவர் பேசுவது எங்கள் ஊர்ப் பேச்சு. "ஏனுங்கண்ணா, சாப்டீங்களா?" என்று அந்த வெள்ளை முகம் கேட்டால் ஊர்ப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். முதலில் நானும் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. அந்த இழுப்பும் முடிப்பும் என் மனைவியுடையது. நான் கட்டிக்கொண்டு வந்த பேச்சு. அது வேறொருத்தர் வாயில் போய் உட்கார்ந்துகொண்டது.

துரையும் துரைசானியும் எதையும் சேர்ந்தே செய்வார்கள். சாயங்காலம் ஒருவர் பக்கத்தில் ஒருவராக நடப்பார்கள். துரை முன்னால், துரைசானி பின்னால் என்பது கிடையாது. அதை என் மனைவி பார்ப்பாள். அவள் பார்ப்பதை நான் பார்ப்பேன். துரைசானியை அவள் அக்கா என்பாள். வீட்டுக்கு வந்தால் "அக்கா இப்படிச் சொன்னாங்க, அக்கா அப்படிச் சொன்னாங்க." சோறு போடும்போதும் அக்காதான்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதற்காக அவளும் துரைசானியும் வெள்ளிக்கிழமை தோறும் ஜெபம் பண்ணினார்கள். ஒரு வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரியும்.

"எனக்குத் தெரியாம என் பிள்ளைக்கு ஜெபமா?" என்றேன்.

"நீங்க வந்து முழங்கால் போடுவீங்களாக்கும்? வண்டிக்கடியில படுக்கத்தானுங்க உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

நான் வண்டியைத் துடைக்கப் போய்விட்டேன்.

அந்த வருஷம் அவர்களுக்கு லீவு வந்தது. தங்கள் நாட்டுக்குப் போய் ஒரு வருஷம் இருந்து, அங்குள்ள சபைகளில் இங்கே செய்த ஊழியத்தைச் சொல்லிவிட்டுத் திரும்பி வரவேண்டும். கூடவே இந்த ஊர்ப் பெண் ஒருத்தியையும் கூட்டிவரச் சொல்லி அங்கிருந்து கடிதம். துரைசானி என் மனைவியைக் கேட்டார். பிறகு துரை என்னைக் கூப்பிட்டு விட்டார்.

"சகோதரனே, இதற்கு உமக்குச் சம்மதமா?"

என் மனைவி தலை குனிந்து நின்றாள். கால் பெருவிரல் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. போகத் துடிக்கிறாள் என்று தெரிந்தது.

"போகட்டுமுங்க" என்றேன்.

கப்பலில் இடம் போட்டாகிவிட்டது. அவள் வெளிநாடு போவதற்கான காகிதத்தில் கோயமுத்தூரில் ஒரு அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். அவர் மறுநாள் முதல் ஒரு மாதம் லீவு. அன்று மூன்று மணிக்குள் போய்ச் சேர வேண்டும். தவறினால் கப்பல் அவள் இல்லாமல் போகும். இதைத் துரையே என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

வழி நெடுக பின்னால் ஒரே சிரிப்பு. கப்பலில் என்ன சாப்பாடு, குளிருக்குச் சேலைமேல் என்ன போடுவது என்று. அவள் அப்படிச் சிரித்து எங்கள் வீட்டில் நான் கேட்டதில்லை. புளியம்பட்டி தாண்டியது. அன்னூருக்கு மூன்று மைல் இருந்தது. "இஞ்சின் சத்தம் சரியில்லீங்க" என்று சொல்லி ஓரங்கட்டினேன். சத்தம் சரியாகத்தான் இருந்தது.

பானெட்டைத் தூக்கினேன். உள்ளே சின்னதாக ஒரு கருப்புத் துண்டு உண்டு. ரோட்டர் என்போம். அது இல்லாவிட்டால் வண்டி கிளம்பாது. எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பிறகு சாவியைத் திருகினேன். கம்பி போட்டுச் சுற்றினேன். துரை கோட்டைக் கழற்றிவிட்டுத் தள்ளினார். வெயில் பிளந்தது. இரண்டு பக்கமும் கிளுவை வேலி. நிற்க நிழல் கிடையாது. மணி ஒன்றரை.

"இது சத்துருவின் தந்திரம்" என்றார் துரை. மனைவியைப் பார்த்தார். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே நேரத்தில் புழுதியில் முழங்கால் போட்டார்கள். கையைக் கோத்துக்கொண்டார்கள். என் மனைவியும் பக்கத்தில் போய் முழங்கால் போட்டாள்.

ஒரு மாட்டுவண்டிக்காரர் வந்தவர் எருதை நிறுத்தினார்.

"ஏனுங்க, ஆயுதபூசைக்கு இன்னும் நாளிருக்குதுங்களே. இப்பவே வண்டியக் கும்புடறீங்க?"

"வண்டியக் கும்புடலீங்க. ஆண்டவரக் கும்புடறோமுங்க" என்றார் துரைசானி.

"அட, நம்மூருப் பேச்சு! எங்கீங்க அம்மணி கத்துக்கிட்டீங்க?"

"இவங்ககிட்டத்தானுங்க" என்று என் மனைவி தோளில் கையைப் போட்டார். எடுக்கவே இல்லை.

வண்டிக்காரர் இறங்கித் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவரும் கையைக் கூப்பினார். "எங்க மாட்டக் கட்டி இழுத்தாலும் இழுக்கலாமுங்க. மொதல்ல சாமி கும்புட்டு முடிச்சுக்குங்க" என்றார்.

துரை ஜெபித்தார். துரைசானி ஜெபித்தார். பிறகு என் மனைவி.

"ஆண்டவரே, நான் போறது உமக்குச் சித்தமில்லீனா வண்டி இங்கயே நிக்கட்டும். சித்தமுன்னா கெளப்பி விடும். எதுன்னாலும் எனக்குச் சம்மதம்."

கண்ணைத் திறந்திருந்தவன் நான் ஒருவன். ரோட்டரில் இஞ்சின் சூடு இன்னும் இருந்தது. நெஞ்சில் சுட்டது. பேசாமல் நின்றால் போதும். அவள் இருந்துவிடுவாள். அழமாட்டாள். ஆண்டவர் வேண்டாம் என்றுவிட்டார் என்று நம்பிக்கொண்டு எனக்குச் சோறு போடுவாள். சாகிற வரைக்கும் போடுவாள்.

அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஆனால் அவள் என்னைக் கேட்கவில்லை. ஆண்டவரைக் கேட்டாள். பதில் என் பையில் கிடந்தது. எனக்குப் பயமாகிவிட்டது.

அவர்கள் ஆமென் சொல்வதற்குள் ரோட்டரைத் திரும்ப மாட்டிவிட்டேன்.

ஒரே சுற்றில் கிளம்பியது. துரை அழுதார். துரைசானி "தோத்திரமுங்க, தோத்திரமுங்க" என்றார். வண்டிக்காரர் ஜீப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அந்த அதிகாரியின் கச்சேரி வாசலில் இறக்கிவிட்டேன். கையெழுத்து ஆனது. பன்னிரண்டாம் நாள் அவள் கொச்சியில் கப்பலேறினாள். துரைசானி கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்.

அந்த ஒரு வருஷம் நானே பொங்கித் தின்றேன். மாதம் ஒரு கடிதம் வரும். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அக்கா என்று வருகிற இடத்தைத் தாண்டிப் படிப்பேன். மிச்சம் கொஞ்சம்தான் இருக்கும்.

திரும்பி வந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். மறுநாள் காலையில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"அங்க நீ என்ன பேசுனே?"

"நான் என்னத்தப் பேச? ஜீப்பு கதைதான் அவியளுக்குப் புடிச்சுது. துரை சொல்லுவாரு. வண்டி கெளம்பிருச்சுன்னு சொன்னதும் சபை முச்சூடும் எந்திரிச்சு நின்னு பாடுவாங்க. நான் பக்கத்துல நிப்பேன்."

சொல்லிவிட்டேன். ரோட்டரை எடுத்தது நான் என்றேன். வேண்டுமென்றே என்றேன்.

அவள் ஆற்றுவதை நிறுத்தவில்லை.

"தெரியுமுங்க."

"எப்படி?"

"சட்டப் பையில கரி. மக்காநாளு தொவச்சது ஆரு?"

"தெரிஞ்சும் போனியா?"

"நீங்கதான மாட்டி விட்டீங்க."

பிறகு கேட்டேன். "அக்காளுக்குத் தெரியுமா?"

"இல்லீங்க. அது நம்ம ஊட்டு விசயம். அவங்களுக்கு எதுக்கு?"

டம்ளரை என் கையில் கொடுத்தாள். அப்போதுதான் சிரித்தாள். கப்பல் சாப்பாட்டைப் பேசிச் சிரித்தாளே, அதே சிரிப்பு.

"ஒரு மனுசன் பொறாமைக்கு ஊரு ஊரா எந்திரிச்சு நின்னு தோத்திரம் பண்ணுனாங்க. நான் வாய மூடிட்டு நின்னேன் பாருங்க, அதுக்கு எனக்குத்தான் தோத்திரம் சொல்லோணும்."

எத்தனை சபை என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினாள். ஒரு தடவை தப்பிப்போய் மறுபடியும் எண்ணினாள்.

நாற்பத்தாறு.