மூக்கில் ஓட்டை போட்ட பலகை

சேலம் சந்திப்பில் இறங்கியபோது காலை ஆறு மணி. சூரமங்கலம் பக்கம் வெளியே வந்து பதினைந்து ரூபாய்க்கு ஒரு டீ குடித்தேன். அதுவரை நான் நல்ல மனுஷியாகத்தான் இருந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கோவளத்தில் அலைச்சறுக்குப் பலகை செய்கிறவள் நான். இந்தப் பயணம் கடல் அலைக்காக அல்ல, படகு அலைக்காக. வேகப் படகு போகும்போது அதன் பின்னால் ஓர் அலை எழுந்து ஓயாமல் கூடவே வரும். படகில் கட்டிய கயிற்றைப் பிடித்து எழுந்து நின்று, பிறகு கயிற்றை விட்டுவிட்டு, அந்த அலையிலேயே சறுக்கிக்கொண்டு போகலாம். அதற்குக் குட்டையான, அகலமான, எடை குறைந்த பலகை வேண்டும். பள்ளிபாளையத்தில் விசைத்தறி வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை கௌதம் வெளிநாட்டுப் படகு ஒன்றை வாங்கிவிட்டு, பத்துப் பலகை தேடிக்கொண்டிருந்தார். "ஒண்ணு கொண்டாங்க, ஓட்டிப் பாப்போம். சரியில்லீன்னா வெளிநாட்டுலயே சொல்லிருவனுங்க்கா" என்றார். இந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் என் பட்டறையை மூட வேண்டியதுதான்.

நாமக்கல் சுமார் ஐம்பத்தைந்து கிலோமீட்டர். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழியெல்லாம் கோழிப்பண்ணை, லாரிப் பட்டறை, மறுபடி கோழிப்பண்ணை. லாரிக் கூரைக்கு ஃபைபர் மூடி செய்யும் ராசேந்திரன் அண்ணனின் பட்டறை ஊருக்கு வெளியே இருக்கிறது. நான் செதுக்கிய நுரைக்கட்டையை, அதாவது தெர்மாகோல் மாதிரி ஒன்றை, போன மாதமே அவரிடம் கொடுத்திருந்தேன். அதன்மேல் ஃபைபர் துணி போர்த்தி, பிசின் ஊற்றித் தேய்ப்பது அவர் வேலை. அந்த வழவழப்பு எங்கள் கடற்கரையில் யாருக்கும் வராது.

பலகையைப் பழைய போர்வையில் சுற்றி, டேப் ஒட்டித் தயாராக வைத்திருந்தார்.

"பிரிச்சுப் பாக்கட்டுமாண்ணே?"

"வேண்டாமுங்க அம்மணி, பஸ்ல கீறல் உழுந்துரும். தண்ணிக்கிட்டப் போயிப் பிரிச்சுக்கங்க. ஆமா, இதுல எத்தன பேரு ஏறுவாங்க?"

"ஒருத்தர்தான்."

"ஒருத்தருக்கா இத்தன பாடு!" என்று சிரித்தார். கையில் தூக்கிப் பார்த்தேன். குழந்தையைப் போல லேசாக இருந்தது. நானும் சிரித்தேன்.

திருச்செங்கோடு வழியாகப் பள்ளிபாளையம். கண்டக்டர் பலகைக்கும் டிக்கெட் போட்டார். "ஆள் படுத்திருக்கற நீளம் இருக்குதுங்களே" என்றார். வாதாடாமல் கொடுத்தேன். நல்ல நாளில் சில்லறைச் சண்டை எதற்கு?

பதினோரு மணிக்குக் காவிரிக் கரை. கதவணையால் தேங்கி அகலமாகக் கிடந்தது தண்ணீர். ஓரத்தில் ஆகாயத்தாமரை. கௌதம் படகோடு காத்திருந்தார். மதியத்துக்குமேல் கோயம்புத்தூர் கல்யாணத்துக்குப் போக வேண்டுமாம். போர்வையைப் பிரித்தேன்.

பலகையின் மூக்கில் ஓர் ஓட்டை. ஓட்டையில் கம்பி. கம்பியில் ஓர் எலுமிச்சம்பழம், ஏழு பச்சைமிளகாய், ஒரு கரித்துண்டு!

உடனே ராசேந்திரன் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"யாரைக் கேட்டுண்ணே ஓட்ட போட்டீங்க?"

"பூசை போட்டுக் கட்டாம எந்த வண்டியும் நம்ம பட்டறைய உட்டுப் போனதில்லீங்க."

"இது வண்டியாண்ணே? உள்ள இருக்கறது நுரை! ஓட்ட வழியா தண்ணி குடிக்குமே!"

"சின்ன ஓட்டதானுங்க. ட்ரில்லுல பதவிசாப் போட்டனுங்க."

பதவிசாம்! போனைத் தூக்கி ஆற்றில் எறியலாம் போலிருந்தது. பிசின் வைத்து அடைத்தால் இறுக ஒரு நாள் வேண்டும். கம்பியை உருவி, துடைத்து, டேப்பை மூன்று சுற்று ஒட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன்.

படகு கிளம்பியது. எழுந்து நின்றேன். கயிற்றை விட்டேன். பலகை அலையில் உட்கார்ந்த அழகு இருக்கிறதே! காலை லேசாக அழுத்தினால் முன்னே பாய்ந்தது, சாய்த்தால் திரும்பியது. என் கணக்கு ஒன்றுகூடத் தப்பவில்லை. படகிலிருந்து கௌதம் விசில் அடித்தார். வெண்ணெய் திரண்டுவிட்டது என்று நினைத்தேன். தாழி உடைந்தது. டேப் பிய்ந்து, மூக்கு கனத்து, தலைகீழாக விழுந்தேன். மறுபடி ஏறினேன், மறுபடி விழுந்தேன். கடைசியில் அந்தப் பலகை நனைந்த மெத்தை மாதிரி ஆகிவிட்டது.

படகில் என்னைத் தூக்கிவிட்டபடி கௌதம் சொன்னார்: "நம்மூரு சாமானுன்னா இப்படித்தானுங்க்கா. வெளிநாட்டுக்காரன் செஞ்சா இப்படி ஆவுமா?"

ஓட்டையைக்கூடப் பொறுத்திருப்பேன். இந்தப் பேச்சைப் பொறுக்க முடியவில்லை. பதில் சொல்ல நிமிர்ந்தபோதுதான் படகின் முன்பக்கம் கண்ணில் பட்டது. பளபளக்கும் வெள்ளை ஃபைபரில் ஓர் ஓட்டை. கம்பி. எலுமிச்சம்பழம். மிளகாய்.

"கௌதம், இந்த ஓட்டையை எந்த நாட்டுக்காரன் போட்டுக் குடுத்தான்?"

அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார். "அது... அப்பா போடச் சொன்னாருங்க்கா."

"உங்க படகுக்கு ஓட்ட போட்டா பக்தி. என் பலகைக்குப் போட்டா நம்மூரு சாமானா?"

கரையில் இறங்கும்போது கேட்டார்: "அடுத்தத எப்பக் கொண்டாறீங்க? ஓட்ட இல்லாம."

திரும்பும் பஸ்ஸிலும் கண்டக்டர் பலகைக்கு டிக்கெட் போட்டார். ஈரப் பலகை என் மடியெல்லாம் சொட்டியது. கோவளத்தில் எங்கள் ஆட்களும் படகுக்குக் கண்ணேறு கழிப்பவர்கள்தான். மஞ்சள் பூசுவார்கள், பூ வைப்பார்கள், யாரும் ட்ரில் எடுப்பதில்லை. அந்த வயிற்றெரிச்சலோடு ராசேந்திரன் அண்ணனுக்கு மறுபடி போன் போட்டேன்.

"இன்னொண்ணு செதுக்கிக் கொண்டு வரேன். அதுல ட்ரில் பட்டுச்சுன்னா பட்டறைக்கு முன்னாடியே உக்காந்துருவேன். எலுமிச்சம்பழம் கட்டியே தீரணும்னா என் கழுத்துல கட்டுங்க!"

"அதுவுஞ் சரிதானுங்க அம்மணி. தண்ணில உழுவறது நீங்கதானுங்களே."